மரபணு இருந்தால் போதுமா? ஈறு நோய்ப் பாக்டீரியா நம் செல்களில் ஒட்டுவதை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வுக்கூட வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சோதனைக்குழாயை வீணாக்கியிருக்கிறேன். அக்ரிகேட்டிபாக்டர் ஆக்டினோமைசிடெம்கமிட்டன்ஸ் என்ற, சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கவைக்கும் பெயருடைய பாக்டீரியாவை ஈறு நோயாளி ஒருவரிடமிருந்து புதிதாகப் பிரித்தெடுத்துத் திரவ ஊடகத்தில் இட்டு வைத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது திரவம் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. எதுவும் வளரவில்லை என்று முடிவுகட்டி அதைக் கழிவில் சேர்த்துவிட்டேன். உண்மையில் பாக்டீரியா நன்றாகவே வளர்ந்திருந்தது. மிதக்காமல் கண்ணாடிச் சுவரைக் கவ்விக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருந்தால், சுவரில் நுண்மணல் ஒட்டியதுபோன்ற சொரசொரப்பு தெரிந்திருக்கும்.

இதே பாக்டீரியாவைக் குழாய் மாற்றிக் குழாய் மாற்றிப் பல வாரம் வளர்த்தால் ஒரு கட்டத்தில் அது சுவரை விட்டுவிட்டுத் திரவத்தைக் கலங்கலாக்கத் தொடங்கும். இறுக ஒட்டுவதற்கான இழையை உருவாக்கும் 14 மரபணுக்கள் அதன் குரோமோசோமில் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. ஒட்டாமல் போன வகைகள் சிலவற்றில் அந்தப் 14 மரபணுக்களும் அப்படியே இருக்க, வரிசையின் தொடக்கத்தில் உள்ள இயக்கப்பகுதியில் மட்டும் சில டிஎன்ஏ எழுத்துகள் மாறியிருந்தன. மரபணு இருக்கிறது, ஆனால் ஒட்டுதல் இல்லை. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றியதுதான். ஒரு மரபணு இருப்பதைக் காட்டுவது ஒரு நாள் வேலை. அந்த மரபணுவால்தான் பாக்டீரியா மனிதச் செல்லில் ஒட்டுகிறது என்று காட்டுவது பல மாத வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக எழுதும் இறுதியாண்டு ஆய்வறிக்கைகளைச் சிங்கப்பூரில் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

இங்கே பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் உயிரியல் படிக்கும் தமிழ் மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இன்னொருவரும் மனத்தில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்குமுன் ஆங் மோ கியோ நூலகத்தில் வாய்நலம் பற்றித் தமிழில் பேசியபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, “தம்பி, இந்தப் பூச்சி எல்லார் வாயிலயும் இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் எனக்கு மட்டும் ஏன் பல்லு ஆடுது?” என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை.

படி 1: எதன்மேல் ஒட்டுகிறது என்று முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள்

பல் மருத்துவர் மெல்லிய அளவுகோல் கம்பியை ஈற்றின் ஓரத்தில் இறக்கி, “மூன்று, இரண்டு, மூன்று, ஐந்து” என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டிருப்பீர்கள். பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை மில்லிமீட்டரில் சொல்கிறார். மூன்று வரை இயல்பு. நான்கும் அதற்கு மேலும் போனால் அந்தப் பள்ளத்தைப் பை என்று கொண்டு கவனிக்கத் தொடங்குவார்கள். அந்தப் பையின் ஒருபுறம் உயிரற்ற கடினமான பல், மறுபுறம் உயிருள்ள மென்மையான ஈற்றுத்தோல். இடையே ஈற்றுச்சாறு இடைவிடாமல் வெளிப்புறமாகக் கசிந்துகொண்டிருக்கிறது. தோல் செல்களும் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. இங்கே பிடிமானம் இல்லாத பாக்டீரியா எச்சிலோடு சேர்ந்து வயிற்றுக்குப் போய்விடும்.

பிடித்துக்கொள்ள அதற்கு மூன்று பரப்புகள் உள்ளன: எச்சில் புரதங்கள் படிந்த பல், முன்பே அங்கே குடியேறிய பிற பாக்டீரியா, மனிதச் செல். மூன்றுக்கும் ஒரே மரபணு பயன்படும் என்று எண்ணிவிடக் கூடாது. ஈறு நோயில் அதிகம் ஆராயப்பட்ட போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் (இனி ஜின்ஜிவாலிஸ்) தன் குட்டை இழையால், பல்லில் முன்பே குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோர்டோனியையின் எஸ்எஸ்பிபி என்ற புரதத்தைப் பிடிக்கிறது. மனிதச் செல்லைப் பிடிப்பதில் அதன் நெட்டை இழைக்கே முக்கியப் பங்கு. “ஒட்டும் மரபணுவை ஆராய்கிறேன்” என்று ஒரு மாணவர் சொன்னால், “எதில் ஒட்டும் மரபணு?” என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். இந்த வழிகாட்டியில் நாம் எடுத்துக்கொள்ளும் பரப்பு மனிதச் செல்.

படி 2: மரபணுவிலிருந்து இழை வரையிலான முழுப் பாதையையும் வரைந்துகொள்ளுங்கள்

ஜின்ஜிவாலிஸின் டபிள்யூ83 என்ற வகையின் முழு மரபணுத்தொகுப்பு 2003-இல் வெளியானது. சுமார் 23 லட்சத்து 40 ஆயிரம் எழுத்துகள் கொண்டது அது. அதில் மனிதச் செல்லோடு தொடர்புள்ள மரபணுக்கள் பல இருப்பினும், தொடங்குவதற்கு ஏற்றது ஃபிம்ஏ. நெட்டை இழையின் செங்கல்லான ஃபிம்ஏ புரதத்தை அது உருவாக்குகிறது. செங்கல் என்று சொல்வது வெறும் உவமை அன்று. ஒரே புரதம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, சுமார் 5 நானோமீட்டர் தடிமனில், ஒரு மைக்ரோமீட்டரையும் தாண்டி நீளக்கூடிய இழையாகிறது. குட்டை இழையின் செங்கல் எம்ஃபா1 என்ற வேறொரு மரபணுவிலிருந்து வருகிறது.

மாணவர்கள் பெரும்பாலும் ஃபிம்ஏ என்று ஒரு கட்டம், அதிலிருந்து ஓர் அம்புக்குறி, அதன் முனையில் ஒட்டுதல் என்று வரைந்து முடித்துவிடுகிறார்கள். உண்மையான பாதை இதைவிட நீளமானது. ஃபிம்எஸ் என்ற உணரிப் புரதம் சூழலை அறிந்து ஃபிம்ஆர் என்ற ஒழுங்குபடுத்தும் புரதத்துக்குத் தெரிவித்த பிறகே ஃபிம்ஏ முறையாக இயக்கப்படுகிறது. உருவாகும் புரதம் உடனே இழையாகிவிடாது. கொழுப்பு மூலக்கூறு ஒன்று இணைக்கப்பட்டு வெளிச்சவ்வுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. அங்கே பாக்டீரியாவின் சொந்த நொதியான ஆர்ஜினின் ஜின்ஜிபெய்ன் அதன் முன்பகுதியை வெட்டி நீக்கிய பிறகுதான் ஒரு செங்கல் அடுத்த செங்கல்லோடு கோத்துக்கொள்ள முடிகிறது. ஃபிம்சி, ஃபிம்டி, ஃபிம்இ ஆகியவை இழையின் துணைப்பாகங்களாக முனையில் சேர்கின்றன. ஃபிம்பி அடிப்பகுதியில் நின்று நீளத்தைக் கட்டுப்படுத்துகிறது.

ஜின்ஜிபெய்ன் நம் திசுவைச் சிதைக்கும் நொதியாகவே பாடநூல்களில் பெயர்பெற்றது. அதை உருவாக்கும் ஆர்ஜிபிஏ, ஆர்ஜிபிபி என்ற இரு மரபணுக்களையும் ஒருசேர உடைத்தால் இழைகள் மிக அருகிப்போகின்றன என்பது 1990களிலேயே காட்டப்பட்டது. ஒட்டுவதற்கு நேரடித் தொடர்பே இல்லாததாகத் தோன்றும் ஒரு கத்தரிக்கோல், ஒட்டும் கருவி உருவாவதற்கே வேண்டியிருக்கிறது. அதனால், ஒட்டுதல் குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து, உடைத்த மரபணுதான் ஒட்டும் பசை என்று எழுதிவிட முடியாது.

இழை செல்லைத் தொட்ட பிறகு நடப்பதையும் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிம்ஏ இழை ஈற்றுச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஆல்ஃபா5 பீட்டா1 என்ற இண்டெக்ரின் ஏற்பியைப் பிடிக்கிறது. தன்னைச் சூழ்ந்துள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ளச் செல் வைத்திருக்கும் கைப்பிடி அது. அந்தக் கைப்பிடியைப் பிடித்து இழுத்ததும் செல்லின் உள்ளே உள்ள ஆக்டின் சட்டகம் மாறியமைந்து, செல்லே பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கதவைத் தட்டியவனை வீட்டுக்காரரே கைபிடித்து உள்ளே அழைத்துப்போவது போன்றது இது.

பிற பாக்டீரியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியாட்டத்தின் ஃபாட்ஏ புரதம் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-காடெரினைப் பிடிக்கிறது. இதே பிடிப்பு பெருங்குடல் புற்றுநோய் செல்களில் 2013-இல் காட்டப்பட்ட பிறகு, வாய்ப் பாக்டீரியாவைத் திரும்பிப் பார்க்காத துறையினரும் அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். டானரெல்லா ஃபோர்சைதியாவின் பிஎஸ்பிஏ, ஃபைப்ரோனெக்டின், ஃபைப்ரினோஜென் என்ற மனிதப் புரதங்களைப் பிடிக்கிறது.

படி 3: உங்களிடம் இருப்பது எந்த வகை என்று அறிந்துகொள்ளுங்கள்

ஃபிம்ஏ என்று எல்லா வகைகளுக்கும் ஒரே பெயர் இருந்தாலும் எழுத்துவரிசை ஒன்றன்று. ஒன்று முதல் ஐந்து வரையிலும் ஒன்று-பி என்றும் வகைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொடக்கிகளை (தேடும் இடத்தில் பொருந்தும் குறு டிஎன்ஏ துண்டுகளை) கொண்டு, குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை செய்தால் வகை தெரிந்துவிடும். ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இலும் 2000-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், ஈறு நோயாளிகளிடம் இரண்டாம் வகையும், ஈறு நலமாக இருந்தும் இந்தப் பாக்டீரியாவைச் சுமந்தவர்களிடம் முதல் வகையும் மேலோங்கியிருந்தன. பின்னர் ஆய்வுக்கூடத்திலும் இரண்டாம் வகை இழை மனித எபிதீலியச் (மேற்தோல்) செல்லில் கூடுதலாக ஒட்டி உள்ளே புகுவது காட்டப்பட்டது. பாட்டியின் கேள்விக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதிலின் முதல் பாதி இது: ஒரே பெயருடைய பூச்சியானாலும், அவர் வாயில் இருந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் வாயில் இருந்ததும் ஒரே வகையாக இருந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் வகை தெரிந்ததும் நின்றுவிடாதீர்கள். ஆய்வுக்கூடங்களில் மிக அதிகமாகப் பயன்படும் இரண்டு ஜின்ஜிவாலிஸ் வகைகளே (ஃபிம்ஏ வகைகளைச் சொல்லவில்லை, பாக்டீரியாவின் கிளைவகைகளைச் சொல்கிறேன்) இதற்குச் சான்று. டபிள்யூ83-இல் ஃபிம்ஏ மரபணு இருக்கிறது. ஆயினும் உணரியான ஃபிம்எஸ்ஸில் உள்ள வேறுபாட்டால் நெட்டை இழை அரிதாகவே உருவாகிறது. ஏடிசிசி 33277-இலோ ஃபிம்பி மரபணு இடையிலேயே முறிந்திருப்பதால், கட்டுப்படுத்த ஆளில்லாமல் இழை அளவுக்கு மீறி நீண்டு எளிதில் கழன்றும் விடுகிறது. ஒன்றில் இழை மிகக் குறைவு, மற்றொன்றில் மிக அதிகம். இரண்டையுமே “இயல்வகை” (நாம் மாற்றாத மூல வகை) என்று எழுதிவைத்திருக்கிறோம். அதனால் பிசிஆர் முடிவோடு, புரதம் உண்மையில் உருவாகிறதா என்று புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையிலும் பாருங்கள். முதல் வகை ஃபிம்ஏ 41 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகிலும் எம்ஃபா1 67 கிலோடால்டன் அருகிலும் பட்டையாகத் தெரியும். இயலுமானால் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இழையையே கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 4: அனுமதியும் வளர்ப்பும்

நோயாளியின் ஈற்றுப் பையிலிருந்து காகிதக் கூர்முனையால் மாதிரி எடுப்பது சில நொடி வேலைதான். ஆயினும் அது மனிதர்களிடமிருந்து பெறும் மாதிரி. சிங்கப்பூரின் 2015-ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தையும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவையும் கேட்காமல் அதில் கைவைக்கக் கூடாது. மரபணு மாற்றிய பாக்டீரியாவை உருவாக்க உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் தனியாக வேண்டும். இரண்டுக்கும் நாள் பிடிக்கும் என்பதால் பள்ளி ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மாணவர் ஆய்வுக்கு நான் சொல்லும் யோசனை, நோயாளி மாதிரியை விட்டுவிட்டு, ஏற்கெனவே மரபணு வரிசை அறியப்பட்ட வகையில் தொடங்குவதே.

ஜின்ஜிவாலிஸுக்கு ஆக்சிஜன் ஆகாது. இரும்புக்காக ஹீமினும், கூடவே வைட்டமின் கே வகையைச் சேர்ந்த மெனாடியோனும் வேண்டும். இரத்த ஆகர் தட்டில் ஆக்சிஜனற்ற பேழைக்குள் 37 டிகிரியில் வைத்தால், முதலில் வெளிறிய புள்ளிகளாகத் தோன்றி, ஒரு வாரத்துக்குள் பழுப்பாகி, பிறகு கருமணிபோலக் கறுத்துவிடும். இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஹீமைத் தன் மேற்பரப்பில் குவித்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. தட்டைத் திறந்தால் வரும் நாற்றத்தைக் கெட்டுப்போன பாலாடைக்கட்டிக்கு ஒப்பிடுவார்கள். தேக்கா ஈரச்சந்தையின் மீன்கடைப் பக்கம் கடைசி நேரத்தில் போயிருந்தால் உங்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது.

கறுப்பு வெறும் அழகுக்காக அன்று. கறுக்காமல் வெள்ளையாகவே நிற்கும் காலனி ஒன்றைக் கண்டால், லைசின் ஜின்ஜிபெய்ன் என்ற மற்றொரு ஜின்ஜிபெய்ன் நொதியோ அதை வெளியே அனுப்பும் ஒன்பதாம் வகைச் சுரப்பு அமைப்போ பழுதாகியிருக்கக்கூடும். நீங்கள் ஃபிம்ஏவை மட்டும் உடைத்ததாக நினைத்திருக்க, வெள்ளைக் காலனி வந்தால் வேறு எதுவோ சேர்ந்து உடைந்துவிட்டது என்று கொண்டு அந்தக் காலனியை ஒதுக்கிவிடுங்கள்.

படி 5: மரபணுவை உடைத்து, திரும்பவும் பொருத்துங்கள்

உடைக்கும் முறை எளிது. ஃபிம்ஏவுக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளுக்கு நடுவில் எரித்ரோமைசின் எதிர்ப்பு மரபணுவை வைத்த டிஎன்ஏ துண்டை மின்துடிப்பால் பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், சில பாக்டீரியாவில் அது அசல் மரபணுவின் இடத்தில் அமர்ந்துகொள்ளும். எரித்ரோமைசின் கலந்த தட்டில் பிழைப்பவை அவையே. பிசிஆரில் இருபுறமும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஃபிம்ஏ நீக்கப்பட்ட இந்த நீக்க வகையைக் கொண்டு 1994-இலேயே இரு ஆய்வுக்குழுக்கள் முக்கியமான முடிவுகளை வெளியிட்டன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உடைத்தபின் ஒட்டுதல் குறைந்தது என்று மகிழ்ந்து அங்கேயே நிறுத்திவிடும் பழக்கம்தான் என்னை மிகவும் உறுத்துவது. ஃபிம்ஏவுக்கு அடுத்தே ஃபிம்பி முதல் ஃபிம்இ வரையிலான மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. நீங்கள் செருகிய துண்டு அவற்றின் இயக்கத்தையும் குலைத்திருக்கக்கூடும். அதனால் பிளாஸ்மிட் (குரோமோசோமிலிருந்து தனித்து நிற்கும் வட்ட டிஎன்ஏ) ஒன்றில் முழு ஃபிம்ஏவை வைத்து நீக்க வகைக்குத் திரும்பக் கொடுத்து, ஒட்டுதலும் திரும்புகிறதா என்று பார்ப்பது கட்டாயம். திரும்பினால் குற்றவாளி ஃபிம்ஏ. திரும்பாவிட்டால் நீங்கள் தேடவேண்டியது அதன் பக்கத்து வீட்டில்.

இயல்வகை, நீக்க வகை, மீட்பு வகை மூன்றும் ஒரே வேகத்தில் வளர்கின்றனவா என்பதையும் இப்போதே அளந்துவைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக வளரும் வகையை மற்றவற்றோடு அதே மணி நேரத்தில் எடுத்துச் சோதித்தால், நீங்கள் ஒப்பிடுவது இளைஞனையும் குழந்தையையும்.

படி 6: செல்லைத் தேர்ந்தெடுங்கள்

பழைய ஆய்வுக் கட்டுரைகளில் வாய்ப் புற்றுநோயிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கேபி செல்களில்தான் பெரும்பாலான ஒட்டுதல் சோதனைகள் நடந்தன. அவை உண்மையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து வந்த ஹீலா செல்களின் வழித்தோன்றல்கள் என்பது பின்னர் தெளிவானது. அதனால் அந்த முடிவுகள் எல்லாம் பொய் என்றாகாது. ஆனால் “வாய்ச் செல்லில் ஒட்டியது” என்ற சொல்லை நீங்கள் அப்படியே எடுத்து எழுதக் கூடாது. இன்று ஈற்றுத்தோலிலிருந்து எடுத்துத் தொடர்ந்து வளரும்படி செய்த டிஐஜிகே செல்கள் கிடைக்கின்றன; வாய்ப்பிருந்தால் அவற்றையே கேளுங்கள்.

செல் வளர்ப்போர் வழக்கமாகத் தங்கள் ஊடகத்தில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்துவைத்திருப்பார்கள். அதை முதல்நாளே மாற்றி, மருந்தில்லாத ஊடகத்தில் செல்களைக் கழுவி வைக்காவிட்டால், நீங்கள் சேர்க்கும் பாக்டீரியா ஒட்டுவதற்குமுன் செத்துப்போகும். இதில் ஒருமுறையாவது சறுக்காத மாணவரை நான் பார்த்ததில்லை.

படி 7: ஒட்டுதலை எண்ணுங்கள்

குழிகள் கொண்ட தட்டில் செல்கள் தரைமுழுவதும் பரவியதும், ஒரு குழியில் எத்தனை செல்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு லட்சம் எனக் கொள்வோம். ஒரு செல்லுக்கு நூறு பாக்டீரியா என்ற விகிதத்தில் இரண்டு கோடி பாக்டீரியாவை ஒரு மில்லிலிட்டரில் சேர்த்து, 37 டிகிரியில் 90 நிமிடம் வையுங்கள். பிறகு பாஸ்பேட் உப்புக் கரைசலால் மூன்றுமுறை மென்மையாகக் கழுவுங்கள். மென்மையாக என்பதைக் கவனியுங்கள். குழாய்முனையைச் செல்களின்மேல் நேராக வைத்துப் பீய்ச்சினால் செல்லே பெயர்ந்துவிடும், சுவரோரம் சாய்த்து விடவேண்டும். எல்லாக் குழிகளையும் ஒரே கைதான் கழுவவேண்டும். கடைசியில் ஒரு மில்லிலிட்டர் தூய நீரை ஊற்றினால் செல்கள் வீங்கி வெடித்து, ஒட்டியிருந்தவை வெளியே வரும்.

அந்த நீரை ஆயிரம் மடங்கு நீர்க்கவைத்து, அதில் 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் பரப்பி, ஒரு வாரம் கழித்து 100 காலனிகளை எண்ணினீர்கள் என்றால், குழியில் இருந்தவை 100 பெருக்கல் 10 பெருக்கல் 1000, அதாவது பத்து லட்சம். சேர்த்தது இரண்டு கோடி, ஒட்டியது பத்து லட்சம். எனவே 5 விழுக்காடு. நீக்க வகையில் அதே கணக்கு 1 விழுக்காடாக வந்தால், வித்தியாசம் ஐந்து மடங்கு.

இந்த எண்ணை உடனே நம்பிவிடாதீர்கள். ஃபிம்ஏ இழை பாக்டீரியாவையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. இருபது பாக்டீரியா ஒரே கொத்தாக ஒட்டியிருந்தால் தட்டில் அது ஒரே காலனியாகத்தான் வளரும். அப்போது இயல்வகையின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைந்து தெரியும். நீக்க வகை கொத்தாவது குறைவு என்பதால் இந்தப் பிழை இரண்டையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. நுண்ணோக்கியில் பார்த்து, தேவையானால் கொத்தைப் பிரித்து, அதன்பிறகே செல்களில் சேர்த்துவிடுங்கள். அடுத்து, செல்லே இல்லாத வெற்றுக் குழியிலும் அதே சோதனையைச் செய்யவேண்டும். பிளாஸ்டிக்கிலும் இவை ஒட்டும், செல்கள் மூடாத இடைவெளிகளில் ஒட்டியவையும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். மூன்றாவதாக, ஜின்ஜிபெய்ன் செல்களின் பிடிப்பையே அறுத்துவிடக்கூடியது. நேரத்தை 90 நிமிடத்திலிருந்து பல மணிக்கு நீட்டினால் செல்கள் உருண்டு கழன்று, ஒட்டியிருந்த பாக்டீரியாவோடு கழுவுநீரில் போய்விடும். அதைப் பார்த்து “இந்த வகை ஒட்டவில்லை” என்று எழுதினால் நடந்ததற்கு நேரெதிரானதை எழுதியவர் ஆவீர்கள்.

ஒரே நாளில் மூன்று குழிகளில் செய்தது மூன்று சோதனை ஆகாது. அது ஒரே சோதனையை மூன்றுமுறை எண்ணியது. வெவ்வேறு நாளில், புதிதாக வளர்த்த பாக்டீரியாவைக் கொண்டு குறைந்தது மூன்றுமுறை செய்யுங்கள்.

படி 8: ஒட்டியதையும் உள்ளே புகுந்ததையும் பிரியுங்கள்

மேலே எண்ணியதில் வெளியே ஒட்டியவையும் உள்ளே போனவையும் கலந்திருக்கின்றன. இணையான வேறு குழிகளில், கழுவியபின் செல்லுக்குள் எளிதில் புகாத ஜென்டாமைசினையும், மெட்ரோனிடசோலையும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தால் வெளியே இருப்பவை இறந்துவிடும். அதன்பின் எண்ணுவது உள்ளே இருந்தவை. ஜென்டாமைசின் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். அந்த மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் சார்ந்த ஆற்றல் வேண்டும். ஆக்சிஜனையே வேண்டாத ஜின்ஜிவாலிஸ் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. அதனால்தான் ஆக்சிஜனற்ற பாக்டீரியாவைக் கொல்லும் மெட்ரோனிடசோலும் கூடவே வருகிறது. மொத்தத்திலிருந்து உள்ளே இருந்தவற்றைக் கழித்தால் வெளியே ஒட்டியவற்றின் எண்ணிக்கை கிடைக்கும்.

படி 9: சூழலை மாற்றிப் பாருங்கள்

ஆய்வுக்கூடத்தில் எல்லாம் 37 டிகிரியில் நடக்கிறது. அழற்சி கொண்ட ஈற்றுப் பை அதைவிடச் சூடானது. ஜின்ஜிவாலிஸை 39 டிகிரியில் வளர்த்தால் ஃபிம்ஏவின் இயக்கம் குறைகிறது. 34 டிகிரியில் கூடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி இது. குளிர்ந்த, இன்னும் நோய் முற்றாத பள்ளத்தில் முதலில் குடியேறுவதற்குத்தான் பிடிமானம் வேண்டும்; வீக்கம் கண்டு பை ஆழமானபின் இழையைக் காட்டிக்கொண்டிருப்பது நம் நோயெதிர்ப்புச் செல்களுக்குத் தன்னைக் காட்டிக்கொடுப்பதாகும். இந்த விளக்கம் ஓர் ஊகம்தான், ஆனால் பொருத்தமான ஊகம். ஹீமின் அளவை மாற்றினாலும் இயக்கம் மாறுகிறது. சிகரெட் புகைச்சாறு சேர்த்த ஊடகத்தில் ஃபிம்ஏ உற்பத்தி கூடியதாகவும் காட்டப்பட்டுள்ளது. ஆக, பாட்டிக்கான பதிலின் மறுபாதி: வகை ஒன்றாகவே இருந்தாலும், ஒவ்வொரு வாயும் அந்த மரபணுவை ஒவ்வோர் அளவில் இயக்குகிறது.

உங்கள் ஆய்வில் குறைந்தபட்சம் வெப்பநிலையையாவது மாற்றிப் பாருங்கள். செலவில்லாத, ஆனால் தேர்வாளர்கள் நின்று படிக்கும் பகுதி அது.

படி 10: தட்டில் கண்டதை வாயோடு ஒப்பிடுங்கள்

1994-க்கு வருகிறேன். ஃபிம்ஏ நீக்கப்பட்ட வகை மனித ஈற்றுச் செல்களில் ஒட்டும் திறனை இழந்தது என்று ஒரு குழு காட்டிய அதே ஆண்டில், கிருமியில்லாச் சூழலில் வளர்த்த எலிகளில் இயல்வகை ஈற்றெலும்பைக் கரைத்ததையும், ஃபிம்ஏ நீக்க வகையால் அந்தச் சேதம் ஏற்படாததையும் மற்றொரு குழு வெளியிட்டது. தொடக்கத்தில் சொன்ன அக்ரிகேட்டிபாக்டரின் இறுக ஒட்டும் மரபணுக்களை உடைத்தபோதும் எலிகளில் குடியேற்றமும் எலும்பிழப்பும் நிகழவில்லை என்று 2003-இல் காட்டப்பட்டது. தட்டில் ஒட்டுதல், விலங்கில் நோய் என்ற இரண்டும் ஒரே திசையில் போகும்போதுதான் நம் வாதம் நிற்கிறது.

எலியின் வாய் மனித வாய் அன்று. மனிதரின் ஈற்றுப் பையில் நூற்றுக்கணக்கான இனங்கள் கூடி வாழ்கின்றன. அங்கே ஜின்ஜிவாலிஸ் எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தும் முழுச் சமூகத்தையும் நிலைகுலைக்க வல்லது. இதனால் ஒரு மரபணுவை முடக்கும் மருந்தைக் கொடுத்தால் ஈறு நோய் ஒழிந்துவிடும் என்று ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். இன்றும் ஊட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குப் போனாலும், அக்கம்பக்கத்துப் பல் மருந்தகத்துக்குப் போனாலும், பல்லில் பாக்டீரியா படிந்த படலத்தைக் கருவியால் சுரண்டிப் பெயர்த்தெடுப்பதுதான் சிகிச்சையின் அடிப்படை.

படி 11: எத்தனையாவது தலைமுறை என்று குப்பியின்மேல் எழுதுங்கள்

புதிதாகப் பெற்ற வகையை முதல் வாரத்திலேயே கிளிசராலில் கலந்து பல குப்பிகளாக மைனஸ் 80 டிகிரியில் உறையவையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் உறைகுப்பியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். ஒரு தட்டிலிருந்து மறுதட்டுக்கு எத்தனைமுறை மாற்றினீர்கள் என்பதைக் குப்பியிலும் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். ஆய்வுக்கூடத்தின் சொகுசில் வளரும் பாக்டீரியாவுக்கு ஒட்டவேண்டிய அவசியமே இல்லை. அக்ரிகேட்டிபாக்டர் திரவத்தில் மிதக்கத் தொடங்குவதைப்போல, நீங்கள் பல மாதம் சுமந்துகொண்டிருக்கும் வகையும் தன் இழையை எப்போது கைவிட்டது என்று தெரியாமலேயே கைவிட்டிருக்கக்கூடும். குழாய் தெளிந்திருந்தாலும் கலங்கியிருந்தாலும், கழிவுத் தொட்டிக்குப் போகுமுன் ஒருமுறை விளக்கின் முன் பிடித்து, சுவரை வளைகம்பியால் சுரண்டி, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.